ஸஹீத் டொக்டரின் மிஷின்

கல்முனைக் கரையோரத்தில் போன வருடம் ஒரு கதை உலாவியது. ஸஹீத் டொக்டருக்கு ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். ஒரு சொட்டு இரத்தம் விட்டால் போதுமாம், இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று கடுதாசியில் அடித்துத் தந்துவிடுமாம். மீன் சந்தையில் அந்த மிஷின் ஜப்பானில் இருந்து வந்தது. தையல் கடைகளில் சீனாவில் இருந்து வந்தது. தேநீர்க் கடையில் அது எங்கிருந்தும் வரவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டோர் அறையில் பல காலமாகக் கிடந்தது, இப்போதுதான் சாவி அகப்பட்டது. இந்தக் கடைசிக் கதையைத்தான் ஊர் அதிகம் நம்பியது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பள்ளிவாசல் மண்டபத்தில் நடக்கும் இரத்ததான முகாமுக்கு அந்த மாதம் வந்தவர்கள், விரித்து வைத்திருந்த கட்டில்களை விடக் குறைவு. வழமையாக முந்திக்கொண்டு வந்து படுத்து, கையை நீட்டி, பால் பக்கற்றையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு போகும் குடும்பஸ்தர்கள் பலருக்கு அன்றைக்கென்று இடுப்புப் பிடிப்பு, வயலில் தண்ணீர் முறை, அக்கரைப்பற்றில் கல்யாணம். யார் யார் வரவில்லை என்பதை அவரவர் மனைவிமார் கவனித்தார்களோ இல்லையோ, அடுத்த வீட்டுக்காரர்கள் கவனித்தார்கள். பெயர்களை நான் எழுத மாட்டேன். எனக்கும் அன்றைக்குத் தடிமன்.

தடிமன் சுகமானதும் விசாரிக்கப் புறப்பட்டேன். முதலில் தேநீர்க் கடை ஜவுபர்.

"மிஷின் கதைய ஆரு சொன்ன?"

"ஊர்தான் சொல்லுது."

"ஊருல ஆரு?"

"எங்கட வீட்டுக்காரி."

"அவவுக்கு ஆரு சொன்ன?"

"ஹுஸ்னியா மிட்வைப் ராத்தா. அவ பொய் சொல்ற ஆளில்ல. ஊருல பாதிப் பேர வெளிய எடுத்த கை."

"நீங்க முகாமுக்குப் போகல்லையாமே."

"நான் எதுக்குப் போற? நான் எங்கட வாப்பாட அச்சு." தேநீரை ஆற்றிக்கொண்டே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். "மூக்கப் பாருங்க."

ஹுஸ்னியா ராத்தா ஓய்வு பெற்ற மருத்துவமாது, ஊருக்கே அக்கா. முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கீரையை மடியில் இருந்து இறக்கி வைத்தார்.

"டொக்டர் மோட்டார் சைக்கிள்ள வந்தார், மனே. ‘றவூப் காக்காட பொடியன் பர்ஸான்ட பேறுகாலம் ஆரு பாத்த, ராத்தா?' எண்டு கேட்டார். நான் அந்த வருசம் பொத்துவில்ல டியூட்டி. தெரியா எண்டன். ஏன் டொக்டர் எண்டு கேட்டா, ‘சும்மா' எண்டார்."

"அவ்வளவுதானா?"

"இருவத்தொரு வருசத்துக்குப் பொறகு ஒரு டொக்டர் பெற்றோல் செலவழிச்சு வந்து சும்மா கேப்பாரா?"

"மறுகா, மிஷின்?"

"மிஷின் வந்த எண்டு நான் சொல்லல்ல. மிஷின் கிஷின் ஏதும் வந்திரிக்குமோ எண்டுதான் சொன்ன."

அன்று பின்னேரமே சாய்ந்தமருதில் டொக்டரின் கிளினிக்குக்குப் போனேன். அவர் என்னை நோயாளி என்று நினைத்து நாக்கை நீட்டச் சொன்னார். மிஷினைப் பற்றிக் கேட்டதும் நாக்கை உள்ளே எடுக்கச் சொன்னார். "மிஷின் இல்ல. இருந்தா முதல்ல ஆஸ்பத்திரி லிப்டத் திருத்துற மிஷின்தான் கேப்பன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான். மிச்சத்தை அவரே சொன்னது, எல்லாம் முடிந்து மாதக் கணக்கான பிறகு. முடிந்தது என்று நான்தான் சொல்கிறேன். அவர் சொல்லவில்லை.

ஸஹீத் டொக்டருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேராதனையில் படித்தவர். நிபுணராவதற்கான பரீட்சைக்கு மூன்று முறை விண்ணப்பித்தவர். முதல் முறை கொழும்புக்குப் பஸ் ஓடவில்லை. இரண்டாம் முறை சுனாமி. மூன்றாம் முறை பஸ் ஓடியது, கடலும் அடங்கியிருந்தது, சும்மாவே தவறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வெளிநோயாளர் பிரிவில் காலையும், கிளினிக்கில் பின்னேரமுமாக இருந்துவிட்டார். பொலித்தீன் பையில் றிப்போட்டுகளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், அவற்றை மேசையில் கொட்டிவிட்டு, "இதுல எது நல்லது டொக்டர்?" என்று கேட்பார்கள். அவர் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுப்பார். தேடி எடுக்க ஒன்றும் இல்லாத நாட்களில்தான் அவருக்குக் களைப்பு அதிகம்.

ஆஸ்பத்திரியில் மாதா மாதம் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம் நடக்கும். படித்து முடித்த டொக்டர்மார் தொடர்ந்தும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்தும் ஒரு சாப்பாட்டுப் பார்சலும். இதற்கு ஸஹீத் டொக்டர்தான் செயலாளர். தெரிவு நடந்த அன்று அவர் பிரசவ வார்டில் இருந்தார், மறுக்க ஆளில்லாமல் ஏகமனதாகத் தெரிவாகிவிட்டார். திரையைக் கட்டுவதும், புரொஜெக்டருக்கு வயர் தேடுவதும், பார்சல் எண்ணுவதும் அவர் வேலை. கூட்டத்தில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. அவர் அதில் சேர்த்தி இல்லை. புரொஜெக்டர் சூடாகி நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த மாதத் தலைப்பு என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும் கலச் சிகிச்சைகளும். கொழும்பில் இருந்து ஒரு பெண் நிபுணர் திரையில் தோன்றிப் பேசினார். எலும்புக்குள் இருக்கும் மச்சைதான் இரத்தம் ஊறும் ஊற்று. அது வற்றினால், பொருந்துகிற ஒருவருடைய ஊற்றில் கொஞ்சம் எடுத்து நோயாளியின் நரம்பில் ஏற்றலாம். அது தானே வழி கண்டு எலும்புக்குள் போய்க் குடியேறிவிடும். இன்னொரு சிகிச்சையில் நோயாளியின் சொந்தக் கலங்களை, அதாவது உயிரணுக்களையே, வெளியே எடுத்து, புற்றுநோயைத் தாக்கப் பாடம் படிப்பித்து, திருப்பி அனுப்புகிறார்களாம். அதன் விலையைச் சொன்னபோது மண்டபத்தில் பார்சல் பிரிக்கும் சத்தமும் நின்றது.

"பாடம் படிப்பிக்கிற எண்டா இஞ்ச அனுப்பலாமே," என்றார் பின்வரிசையில் ஒருவர். "எங்கட பக்கம் ரியூசன் மாஸ்டர்மாருக்கா பஞ்சம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸஹீத் டொக்டர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பையில் றுஸ்னாவின் றிப்போட்டுகள் இருந்தன.

றுஸ்னா அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. வயது இருபத்திரண்டு. அவளுடைய ஊற்று வற்றிக்கொண்டிருந்தது. பல் துலக்கினால் இரத்தம், கதவு நிலையில் கை இடித்தால் நீலம். பிறர் கொடுக்கும் இரத்தத்திலும், இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுக்களிலும்தான் கிழமைகள் ஓடின. கொழும்புக்குப் போகச் சொன்னவர்கள் இருந்தார்கள், வீட்டார் பயந்தார்கள். வாப்பா றவூப் முன்பு கரைவலை இழுத்தவர், இப்போது கருவாட்டு வியாபாரம். உம்மா நாச்சியாதான் வீட்டில் எதையும் தீர்மானிக்கிறவர். அவர் ஸஹீத் டொக்டரைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்பதில்லை. டொக்டருக்கு அது பெருமையாக இருக்கவில்லை, பாரமாக இருந்தது.

திரையில் நிபுணர் நிறக் கோடுகள் போட்ட ஒரு படத்தைக் காட்டினார். வாப்பாவுக்கு இரண்டு நிறம், உம்மாவுக்கு இரண்டு நிறம். ஒவ்வொரு பிள்ளையும் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக எடுத்துக்கொள்ளும். ஒரே இரண்டு நிறத்தை எடுத்த சகோதரம் கிடைத்தால் அதைவிட நல்ல கொடையாளி இல்லை. ஸஹீத் டொக்டர் அந்தப் படத்தை அப்படியே கீறிக்கொண்டார்.

அடுத்த நாள் நாச்சியாவிடம், "சகோதரங்களக் கூட்டிட்டு வாங்க ராத்தா" என்றார். மூத்த மகள் பஸ்னா வந்தாள், பர்ஸான் வந்தான். றவூப்பும் ஒரு கையை நீட்டினார். நாச்சியாவுக்குச் சீனி வருத்தம், அவரை டொக்டர் விட்டுவிட்டார். கிளினிக்கில் சனம் நிறைந்து நின்ற நேரம், தானே இரத்தம் எடுத்து, தானே பெயர் எழுதி ஒட்டி, றுஸ்னாவினுடையதோடு சேர்த்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினார். பர்ஸானுடைய வாப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் றவூப் என்று எழுதியதும் அவர்தான். அவன் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.

நிபுணர் போனில் கூப்பிட்டார். பஸ்னா முழுப் பொருத்தம். டொக்டர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிபுணர் தொடர்ந்தார். அந்தப் பையன் தகப்பனோடு எந்த இடத்திலும் ஒட்டவில்லை. குழாய் மாறிவிட்டதா? மாறியிருந்தால் அக்காவின் முடிவையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். குழாய் சரி, இது வீட்டு விஷயம் என்றால் எனக்கு விபரம் தேவையில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டில் ஒன்று காலியாகிறது, அதிக நாள் பிடித்து வைக்க முடியாது.

ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குழாயைத் தான் மாற்றவில்லை என்று நினைத்தார், ஆனால் அன்றைய சனத்தில் சத்தியம் பண்ண முடியாது. குழாய் சரி என்றால் நாச்சியா பிழை. நாச்சியா சரி என்றால் தன் கை பிழை, பஸ்னாவின் பொருத்தம் பொய், றுஸ்னாவுக்குக் கட்டில் இல்லை. கேட்டுத் தெளிய ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரிடம் கேட்கவே முடியாது.

அதனால் அவர் சாயல் தேடிக் காதுகளைப் பார்க்கத் தொடங்கினார். றவூப் கருவாட்டுப் பொதியோடு வந்தபோது அவருடைய காதைப் பார்த்தார். பர்ஸான் வந்தபோது அவனுடைய காதைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், எதிரே இருந்த தன் மகனின் காதையும் பார்த்தார்.

"என்ன பாக்கிறீங்க?" என்று கேட்டார் மனைவி அம்ஹா.

"சும்மா."

அம்ஹா பாடசாலையில் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். சும்மா என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று தினமும் திருத்துகிறவர். கறிச் சட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

றுஸ்னாவுக்கு இரத்தம் ஏற்ற நாச்சியா வரும் நாட்களில் டொக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல், கையில் உள்ள காகிதத்தோடு கதைத்தார். அவர் சிரித்தால் இவருக்கு வேறு மாதிரி இருந்தது. றவூப்புக்காக இவர் பரிதாபப்பட்டார். ஒரு நாள், கருவாட்டின் விலையை விடக் கூடவே காசு கொடுத்தாராம். ஹுஸ்னியா ராத்தாவிடம் போனது இந்தக் கட்டத்தில்தான். அங்கே சொன்ன ஒரு ‘சும்மா' மிஷினாகி, மிஷின் இரத்ததான முகாமைக் காலி பண்ணி, றுஸ்னாவுக்கு ஏற்ற வேண்டிய சிறுதட்டுக்கள் இல்லாமல் போயின. மட்டக்களப்புக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தார்கள். கொழும்பில் இருந்து மறுபடி போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

வியாழன் காலை வெளிநோயாளர் அறைக்குள் வரிசையை விலக்கிக்கொண்டு நாச்சியா வந்தார். ஸலாம் சொன்ன கையோடு, "மிஷின் எங்க?" என்றார்.

"அப்பிடி ஒண்டும் இல்ல ராத்தா."

"இல்லாத மிஷினுக்கே இந்த ஊர் ஆம்பிளைகள் இவ்வளவு பயப்பிட்டா, இருந்திருந்தா ஒலுவில் துறைமுகத்தால ஓடியிருப்பாங்க. எண்ட புள்ள மூக்கால ரத்தம் வடிஞ்சு கிடக்கா. ஹுஸ்னியாக்கிட்டப் போய் எண்ட பர்ஸான்ட பேறுகாலத்த விசாரிச்சீங்களாம். எனக்கென்ன வாயில்லையா?"

டொக்டர் பிரஷர் பார்க்கும் பட்டியை எடுத்துச் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார். "டியூப் ஏதும் மாறிப்பெய்த்தோ எண்டு கொழும்புல கேட்டாங்க. பர்ஸான்ட ரத்தம் றவூப் காக்காட ரத்தத்தோட... சேரல்ல."

"எப்பிடிச் சேரும்? அவன் அவர்ர புள்ளயில்லயே."

டொக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கதவ ஏன் சாத்துறீங்க? காத்து வரட்டும். அவன் எண்ட புள்ளயும் இல்ல. பால்குடிப் புள்ள."

கடல் வந்த அன்றைக்கு அடுத்த வளவில் இருந்த புருசனும் பொஞ்சாதியும் கடலோடு போய்விட்டார்கள். கைக்குழந்தை மட்டும் தொட்டிலோடு ஒரு வேலியில் சிக்கிக் கிடந்தது. றுஸ்னா அப்போது பால் மறக்காத பிள்ளை. அகதி முகாமாக்கிய பாடசாலையில், கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு பக்கம் அவளுக்கும் ஒரு பக்கம் இவனுக்கும் கொடுத்து வளர்த்தார் நாச்சியா. பிறகு கடலை விட்டு உள்ளே தள்ளி, சுனாமி வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. புது அயல், புதுச் சனம். கேட்டவர்களுக்கு மூன்று பிள்ளைகள் என்றார்கள். மறைத்ததும் இல்லை, பறை அடித்ததும் இல்லை.

"இத ஏன் முதலே சொல்லல்ல ராத்தா?"

"என்னத்தச் சொல்ற? சகோதரங்களக் கூட்டிட்டு வாங்க எண்டீங்க, கூட்டிட்டு வந்த. அவன் றுஸ்னாக்குச் சகோதரன் இல்லையெண்டு எந்த மௌலவி சொன்ன? நாளைக்கு அவள அவனுக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்கலாமா?"

"ஏலா."

"ஏலாதெண்டா அவன் ஆரு?"

ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் மார்க்கத்தில் உடன்பிறப்புகள், அவர்களுக்குள் நிக்காஹ் இல்லை. டொக்டருக்கே மருதமுனையில் அப்படி ஒரு பால்குடி ராத்தா இருக்கிறார். சிறு வயதில் இவருடைய உம்மா காய்ச்சலில் கிடந்தபோது அந்த வீட்டில்தான் இவர் பால் குடித்தது. ஒவ்வொரு பெருநாளைக்கும் போய், "என்ன ராத்தா, சுகமா?" என்று கேட்டுவிட்டு வருகிறவர். நாலு நிறக் கோட்டைப் பார்த்த நாளில் இருந்து அந்த ராத்தாவின் நினைவே அவருக்கு வரவில்லை.

"அது மார்க்கம்," என்றார் மெதுவாக. "இது வேற. இது பெத்தவங்கட உடம்புல இருந்து வாறது."

"ரெண்டு வருசம் எண்ட பால்தானே அவன் குடிச்ச? மறுகா அவன்ட எலும்பு எதுல முத்தின, தண்ணியிலயா?"

கூட்டத்தில் காட்டிய படத்தில் பாலுக்கென்று ஒரு நிறம் இருக்கவில்லை. டொக்டர் போனை எடுத்து, நாச்சியாவின் முன்னாலேயே கொழும்புக்குச் சொன்னார். குழாய் சரி.

பொருந்தவில்லை என்பதை பர்ஸானுக்குச் சொன்னதுதான் இதில் கஷ்டமான வேலை என்கிறார் டொக்டர். தான் யார் வயிற்றுப் பிள்ளை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையை நீட்டியிருக்கிறான். "கொஞ்சம்கூட இல்லையா டொக்டர்?" என்று கேட்டானாம். மருத்துவத்தில் கொஞ்சம் என்று ஒன்று இருக்கிறது, பாதிப் பொருத்தம். இது அதிலும் இல்லை. இல்லை என்றார். அவன் அடுத்த முகாமுக்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வந்து முதல் கட்டிலில் படுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மிஷினுக்குச் சாவி மறுபடி தொலைந்துவிட்டதாக ஜவுபர் கடையில் பேசிக்கொண்டார்கள்.

பஸ்னாவின் மச்சை றுஸ்னாவுக்குள் குடியேறியது. இடையில் காய்ச்சல், வாய்ப் புண், தலைமுடி போனது, நாச்சியா கொழும்பில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது எல்லாம் உண்டு. இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். முகக்கவசம், கொதித்து ஆறின தண்ணீர், பை நிறைய மாத்திரை. எண்ணிக்கைகள் ஏறுகின்றன, சில கிழமை இறங்குகின்றன. பயிற்சிக்குத் திரும்பிப் போவது எப்போது என்று கேட்கிறாள். டொக்டர் தேதி சொல்வதில்லை.

நோன்பு வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒருவருக்கொருவர் மாப்புக் கேட்பது வழக்கம். முன்பு வீடு வீடாகப் போனார்கள். இப்போது ‘அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று யாரோ எழுதியதை எல்லோரும் எல்லோருக்கும் வட்சப்பில் தள்ளிவிடுகிறார்கள். ஸஹீத் டொக்டரும் இந்த வருடம் தள்ளினார். பர்ஸான் அதைத் தன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த கிளினிக் நாளில், றுஸ்னாவை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு நாச்சியா உள்ளே வந்தார்.

"மாப்புக் கேட்டு அனுப்பியிருந்தீங்க. அது எல்லாருக்கும் அனுப்பினதா, எனக்கா?"

"எல்லாருக்கும்தான் ராத்தா."

"எனக்கெண்டு தனியா ஒண்டும் இல்லையா?"

டொக்டர் பேனையை மூடினார், திறந்தார். ஒருவரைப் பற்றி மனதில் தப்பாக நினைத்ததற்கு அவரிடமே மாப்பு வாங்க வேண்டும், அல்லாஹ்விடம் கேட்டு மட்டும் தீராது என்பது அவருக்குத் தெரியும். வாங்குவதென்றால் என்ன நினைத்தார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், வெறும் நினைப்பாக இருந்தது நாச்சியாவின் காதில் ஒரு சொல்லாகிவிடும்.

"தாங்க ராத்தா, தனியாவும் ஒண்டு. சும்மா."

"சும்மாக்குத் தாறது எல்லாருக்கும் தந்தாச்சு," என்றார் நாச்சியா. "மத்தது, என்னத்துக்கெண்டு சொன்னாத்தான்."

வெளியே போய் மகளின் முகக்கவசத்தைச் சரிசெய்துவிட்டு அழைத்துப் போனார்.

இதை டொக்டர் என்னிடம் சொன்னபோது, எழுதினால் பெயர்களை மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன், யாருடையதை என்று சொல்ல மாட்டேன். பிறகு, நீங்கள் எழுதி அவர் வாசித்துவிட்டால் நான் சொன்னதாக ஆகுமா என்று கேட்டார். அது மௌலவியிடம் கேட்க வேண்டியது என்றேன். மௌலவியிடம் கேட்டால் என்னத்துக்கென்று அவரும் கேட்பாரே என்றார்.

நாச்சியா மகளோடு வரவேண்டிய அடுத்த கிளினிக் நோன்பு பிறந்து இரண்டாம் கிழமை. டொக்டர் அவருடைய நம்பரை, பின்னால் யாரும் காத்திருக்காதபடி, கடைசியாகப் போட்டு வைத்திருக்கிறார்.